குடைக்காரருக்கு வந்த ஊதுபத்திகள்

மிசாவோ என் தம்பி மனைவியின் அக்கா மகள். நீகாதாவில் நெல் விளையும் பக்கம் பிறந்தவள். அவள் அப்பாவுக்கு மூன்று பெண்கள், ஒரு பையன். மூத்தவளைச் சாதோத் தீவில் கொடுத்தார்கள். நடுப்பெண் தபால் நிலையத்துக்காரரைக் கட்டிக்கொண்டாள். பையன் தெய்ஜி வயலோடு நின்றுவிட்டான். கடைசிப் பெண் மிசாவோவுக்கு மட்டும் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூட மேசை, அரிசி மூட்டை, அப்பாவின் தொப்பிக்கு உள்பக்கம், எது கிடைத்தாலும் அதில் படம் போடுவாள். படிப்பு முடிந்ததும் டோக்கியோவுக்கு ரயில் ஏறிவிட்டாள். அவள் அப்பா ரயில்நிலையம் வரை வந்து, தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டி, "இதையாவது விட்டுட்டுப் போறியே" என்றாராம்.

உராபே சென்செய் வீட்டில்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. வாரப் பத்திரிகையில் சித்திரக்கதை வரைகிற அம்மாள்; சென்செய் என்றால் ஆசான் என்று அர்த்தம். புருஷனின் பழைய பைஜாமாவைப் போட்டுக்கொண்டு, வாயில் பேனா, காதில் இன்னொரு பேனா என்று இருப்பார். நான் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாக இருந்து கரையேறியவன். வரைகிறவர்களுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும் என்று மிசாவோதான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். கப்பல்காரர்கள் சாப்பிடுவதையே பார்த்துப் பயந்தவன் நான். பத்திரிகைக்குப் பக்கங்கள் போகவேண்டிய நாளில் இவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தபிறகு கப்பல்காரர்கள்மேல் இருந்த பயம் போய்விட்டது.

அந்தக் கதைக்குப் பெயர் 'வெந்நீரும் பனிக்கட்டியும்'. ஒரு கடைத்தெருவில் பொதுக் குளியல்கூடம் வைத்திருப்பவரின் மகள். எதிர்வாடையில் பனிக்கட்டி விற்கும் கடைக்காரரின் மகன். காலையில் கதவைத் திறந்தால் சண்டை. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் சொல்லமாட்டார்கள். ஒரு வாரம் அவன் வாயைத் திறப்பான், கொதிகலன் புகைந்துவிடும். மறு வாரம் அவள் வாயைத் திறப்பாள், குளித்துவிட்டு வெளியே வந்த கிழவர் ஒருவர் செருப்பைக் காணோம் என்று கத்துவார். எங்கள் மக்களிடம் இந்த விஷயத்தில் பார்வை, பரிசு, கூடவே நடந்து வீடுவரை கொண்டுவிடுவது எதுவும் செல்லாது. நேருக்கு நேர் நின்று வாயால் சொன்னால்தான் அது ஆரம்பம். அதனால் அந்தக் கதை வருஷக்கணக்கில் ஓடியது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

சென்செய் வரைவது கதாநாயகன், கதாநாயகி, முக்கியமான நாலைந்து பேரின் முகங்கள். அவ்வளவுதான். தெரு, கடை, மின்கம்பம், ரயில், மழை, தெருவில் போகிற ஜனங்கள் எல்லாம் உதவிக்காரர்கள் வரைவது. மிசாவோ கூட்டத்துக்குப் பேர்போனவள். அவள் வரைந்த கூட்டத்தில் ஒருவர் மாதிரி ஒருவர் இருக்கமாட்டார்.

சோறு போடும்போது நானும் பக்கங்களை எட்டிப் பார்ப்பேன். எழுத்தைவிடப் படம்தான் எனக்குச் சுலபம். அப்படிப் பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. கூட்டம் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு மனிதர் போகிறார். இரண்டு கையிலும் துணி மூட்டை. குடையின் வளைந்த பிடியைச் சட்டையின் பின்கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கவிட்டிருக்கிறார். அவருக்குச் சற்றுப் பின்னாலோ, தெருவின் அந்தப் பக்கமோ, கூடையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெண் போகிறாள். இருவரும் ஒரே திசையில் போவார்கள். ஒருநாளும் முகம் பார்த்துக்கொள்ளமாட்டார்கள்.

அந்தக் குடை எனக்குத் தெரிந்த குடை. ரயில்நிலையத்துக்குத் தெற்கே கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் தோகிதாவுடையது. வெளுத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது இரண்டு கையும் மூட்டையோடு இருக்கும். மழை வந்தால் துணி நனையக்கூடாது. அதனால் வெயில் நாளிலும் குடை முதுகில் தொங்கும். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். அவர் அப்பா காலத்து இஸ்திரிப்பெட்டியையே இன்னும் வைத்திருந்தார்.

"மிசாவோ, இந்தக் குடை சலவைக்கடைக் குடை மாதிரி இருக்கே?" என்றேன்.

"எல்லார் வீட்டுலயும் குடை இருக்கு பெரியப்பா."

"எல்லாரும் முதுகுலயா மாட்டிக்கிறாங்க?"

"சூப்புல உப்பு கம்மி."

சென்செய் தலையைத் தூக்காமல் சொன்னார்: "உப்பு சரியாத்தான் இருக்கு. அவ காது செவந்திருக்கு பாருங்க."

வாரம் தவறாமல் மைக்கறை பட்ட சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு மிசாவோ சலவைக்கடைக்குப் போவாள். வரைகிறவர்கள் சட்டையில் மை படத்தான் செய்யும். ஆனால் மற்றவர்களெல்லாம் கறுப்புச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இவள் மட்டும் வெள்ளைதான் வாங்கினாள்.

கதை தொலைக்காட்சியில் அனிமேயாக, அசையும் சித்திரமாக வந்தது. ஊரே உட்கார்ந்து பார்த்தது. இரண்டு மூன்று வாரம் போனதும் பத்திரிகையின் தொகுப்பாளர் ஹிராசே ஒரு பை நிறைய வாசகர் அட்டைகளோடு வந்து நின்றார்.

"சென்செய், யாரு இந்தக் குடைக்காரரு?"

"எந்தக் குடைக்காரரு?"

"எனக்கும் தெரியல. 'தொலைக்காட்சியில குடைக்காரரும் வெங்காயத்தாள் அம்மாவும் ஏன் வரல'ன்னு எல்லாரும் கேக்கறாங்க. அனிமே வரையறவங்க அதை வெறும் கூட்டம்னு நெனச்சு வரையாம விட்டுட்டாங்களாம். ஒரு அம்மா எழுதியிருக்காங்க, 'கதாநாயகன் கதாநாயகி சேந்தா சேரட்டும், சேராட்டிப் போகட்டும், அந்த ரெண்டு பேரு என்ன ஆவாங்கன்னு சொல்லுங்க'ன்னு."

சென்செய் பேனாவை வைத்துவிட்டு, மிசாவோவைப் பார்த்தார். மிசாவோ மேசைக்கடியில் எதையோ தேடுகிறாள். எழுந்திருக்கவே இல்லை.

"என் முதுகுக்குப் பின்னாடி ஒரு கதை ஓட்டியிருக்கே நீ," என்றார் சென்செய்.

"மன்னிச்சிடுங்க சென்செய்."

"மன்னிப்பு எதுக்கு? நிறுத்தினியோ, அப்பதான் மன்னிக்கமாட்டேன்."

அதன்பிறகு அனிமேயிலும் அவர்கள் வந்தார்கள். பிறகு திரைப்படமும் எடுப்பதாக முடிவாயிற்று. அது வெளிவருகிற சமயத்தில் பத்திரிகையில் கதையை முடித்துவிடுவது என்று சென்செய் சொல்லிவிட்டார். அவருக்கு மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. முடித்துவிட்டுக் கொஞ்சநாள் வெந்நீர் ஊற்றுக்குப் போய் உட்காரப்போகிறேன் என்றார்.

கதை முடிந்தால் வேலையும் முடிந்தது. இதைத் தெய்ஜி எப்படியோ தெரிந்துகொண்டு ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவன் குரல் அடுப்பு வரை கேட்டது.

"வேலை முடியுதாமே. ஊருக்கு வா. அரிசிக்கடை வச்சிருக்கறவரு ஒருத்தரு இருக்காரு. பொண்டாட்டி செத்து வருஷமாச்சு. நல்ல மனுஷன். ஒருதடவை பாத்துப் பேசு, போதும்."

"கதை முடியட்டும் அண்ணா."

"அங்க யாராவது இருந்தா சொல்லிடு. நான் அவரைக் காக்கவைக்க வேண்டாம் பாரு."

மிசாவோ தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "யாரும் சொல்லல," என்றாள். யாரும் இல்லை என்று அவள் சொல்லவில்லை. அது தெய்ஜிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

ஆக, கதை முடிவதற்குள் தோகிதா வாயைத் திறக்கவேண்டும், இல்லை இவள் திறக்கவேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் இவள் நீகாதாவுக்குப் போய் அரிசி நிறுக்கவேண்டியதுதான்.

அந்தக் கோடையில் திருவிழா அத்தியாயம் வந்தது. கதாநாயகனும் நாயகியும் யுகாதா என்கிற மெல்லிய பருத்தி அங்கி உடுத்திக்கொண்டு வாணவேடிக்கை பார்க்கிற இடம். அதே பக்கத்தில், பின்னால் கூட்டத்தில், குடைக்காரரும் வெங்காயத்தாள் பெண்ணும் முதல்முறையாக எதிரும் புதிருமாக நிற்கவேண்டும் என்று மிசாவோ முடிவு செய்தாள். பக்கங்களை வாங்கிப்போக ஹிராசே வாசலில் செருப்போடு நிற்கிறார். நேரமில்லை. போன வருஷத் திருவிழாவில் குடைக்காரரை யுகாதாவில் அவள் அழகாக வரைந்திருந்தாள். ஆனால் அதில் அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகைமேல் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, மேலே வேறு தாள் வைத்து அப்படியே நகலெடுத்தாள். மனிதர் இடப்பக்கம் திரும்பிவிட்டார். பெண்ணை மட்டும் புதிதாக வரைந்தாள். ஹிராசே ஓடினார்.

திருப்பிப் போட்டால் மனிதர் மட்டுமா திரும்புவார்? யுகாதாவின் மடிப்பும் சேர்ந்து திரும்பிவிட்டது. உயிரோடு இருப்பவருக்கு மார்பில் இடப்பக்கத் துணி மேலே வரும். குடைக்காரருக்கு வலப்பக்கம் மேலே வந்துவிட்டது. பெட்டியில் கிடத்துவதற்கு முன் பிணத்துக்குத்தான் நாங்கள் அப்படி உடுத்துவோம்.

சென்செய் கண்ணில் படவில்லை, ஹிராசே கண்ணிலும் படவில்லை. எல்லாரும் முன்னால் நின்ற இருவரின் முகத்தைத்தான் பார்த்தார்கள். வாசகர்கள் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார்கள்.

அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. 'குடைக்காரர் எப்போது இறந்தார்?' 'இத்தனை வருஷம் அந்த அம்மா ஆவியின் பின்னாலா நடந்துகொண்டிருந்தாள்?' 'பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டேன்.' உறைகளில் ஊதுபத்தி வைத்து அனுப்பினார்கள். சமையலறை அலமாரி முழுக்க ஊதுபத்தி. என் சோற்றிலேயே சாவு வீட்டு வாசனை அடித்தது.

"அடக் கடவுளே, தாளைத் திருப்பிப் போட்டியா?" என்று சென்செய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிசாவோ சிரிக்கவில்லை. சுவர்போல் வெளுத்துப்போனாள். காரணம் எனக்குத் தெரியும். திரைப்படக்காரர்கள் எங்கள் கடைத்தெருவிலேயே படம் பிடிக்க வந்திருந்தார்கள். தெருவில் தோகிதா முதுகில் குடையோடு போவதைப் பார்த்ததும் பிடித்து நிறுத்திவிட்டார்களாம். 'நீங்க நடிக்க வேண்டாம், சும்மா நடங்க, குடைக்காரர் வேஷம் உங்களுக்குத்தான்' என்று சொல்லி, கதையின் புத்தகங்கள் முழுவதையும் திருவிழா அத்தியாயம் வந்த பத்திரிகையையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மனிதர் அதுவரை அந்தக் கதையைப் படித்ததே இல்லை. இப்போது கடையை மூடிக்கொண்டு படிக்கிறார் என்று மீன்கடைக்காரி வந்து சொன்னாள்.

அந்த வாரம் மிசாவோ சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, மீன் வாங்குகிற சாக்கில் நானும் கூடப் போனேன். தோகிதா நிமிரவில்லை. சட்டையை விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கறை போகாதுங்க," என்றார்.

"இதுவரைக்கும் எல்லாம் போச்சே."

"இது போகாது."

அவ்வளவுதான் பேச்சு. நீராவி மட்டும் உஸ்ஸென்று வந்தது. மிசாவோ தலையைக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள். சட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள்.

இதற்குள் ஹிராசேவுக்கு வேறு யோசனை வந்துவிட்டது. வாசகர்கள் அழுகிறார்கள், அழுதால் பத்திரிகை விற்கிறது, அப்படியே இருக்கட்டும். குடைக்காரர் ஆவிதான், கடைசி அத்தியாயத்தில் மறைந்துபோகிறார். படத்திலும் அப்படியே வைத்துவிடலாம் என்று திரைப்படக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

சென்செய் மிசாவோவிடம் திரும்பினார். "நான் பெத்த பிள்ளைங்க முன்னாடி நிக்கறாங்க. பின்னாடி நிக்கறவங்க உன்னோடவங்க. உசுரோட வைக்கறியா, அனுப்பிடறியா? நீ சொல்றதுதான்."

"போகட்டும் சென்செய்," என்றாள் மிசாவோ. "அவரே அப்படித்தான் நெனைக்கறாரு போல."

அன்று மாலையே தெய்ஜியைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கத்தரிக்காயை வாட்டுகிறேன் என்று கருக்கிவிட்டேன்.

திருவிழாக் காட்சியைப் படம்பிடித்த நாளில் தெரு முழுக்கத் தாள் விளக்கு கட்டியிருந்தார்கள். நல்ல வெயில். கடைக்காரர்கள் எல்லாரும் யுகாதா உடுத்திக்கொண்டு கூட்டமாக நடிக்க நின்றார்கள். மீன்கடைக்காரி உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். நான் உருண்டைச் சோறும் பார்லி டீயும் கொண்டுபோனேன். சென்செய், கூட்டத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று மிசாவோவை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

உடை மாட்டும் பெண் தோகிதாவுக்கு யுகாதா உடுத்த வந்தாள். கையில் பத்திரிகைப் பக்கம். அதைப் பார்த்துப் பார்த்து வலப்பக்கத் துணியை மேலே கொண்டுவந்தாள். தோகிதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது வேணாம்மா."

"கதையில இப்படித்தாங்க இருக்கு. நீங்க ஆவி."

"நான் சலவைக்காரன். எங்க அப்பா போனப்ப என் கையாலதான் இப்படி உடுத்தி அனுப்பினேன். உசுரோட நிக்கற எனக்கு உடுத்திக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

உதவி இயக்குநர் ஓடிவந்தார். "சார், ஒரு நிமிஷக் காட்சி சார். பின்னாடி மங்கலாத்தான் தெரிவீங்க."

"மங்கலா இருந்தா சாவு இல்லையா?" என்றார் தோகிதா. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என்னை எத்தனையோ வருஷமா வரைஞ்சிருக்காங்க. என் மூட்டை, என் குடை, காதுல நான் வைக்கற பென்சிலு. யாரு என்னை இவ்வளவு பாத்திருக்காங்கன்னு படிச்சிட்டு உக்காந்துட்டேன். கடைசியில இப்படி உடுத்திவிட்டிருக்காங்க. சரி, நம்மளை எரிச்சு முடிச்சாச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதுக்குமேல நடிச்சும் வேற காட்டணுமா?"

மிசாவோ கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள். வந்தாள் என்றா சொல்வது, சென்செய் பின்னாலிருந்து தள்ளியதில் பாதி தூரம் வந்தாள், மீதியைத் தானே நடந்தாள். தோகிதாவுக்கு எதிரே நின்றாள். அவருடைய யுகாதாவின் வலப்பக்கத்தை எடுத்து உள்ளே போட்டாள். இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்தாள். இடுப்புக் கச்சையை இறுக்கினாள். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் ஓர் ஆணுக்கு இப்படிச் செய்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. மீன்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். சாயம் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"தப்பு என்னோடது," என்றாள் மிசாவோ. "உங்களை அந்த வெங்காயத்தாள் அம்மா பக்கம் திரும்பிப் பாக்கவைக்கணும்னு தாளைத் திருப்பிப் போட்டேன். மடிப்பும் திரும்பிடுச்சு. அவ்வளவுதாங்க."

"அப்போ நான் சாகலையா?"

"இல்ல."

"அந்த அம்மா யாரு?"

மிசாவோவின் காது சிவந்ததைப் பார்த்தேன். கொதிகலன் புகையவில்லை. யார் செருப்பும் காணாமல் போகவில்லை.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க," என்றாள். "ரொம்ப வருஷமாவே."

தோகிதா தலையைச் சொறிந்தார். பின்னால் தொங்கிய குடையைச் சரிசெய்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"போன மாசம் உங்க சட்டையில முதுகுல மை இருந்துச்சு."

"ஆமா."

"கையில பட்டா புரியுது, மடியில கொட்டினாலும் புரியுது. படம் வரையறவங்க முதுகுல எப்படிங்க மை கொட்டும்னு நானும் ஒருமாசமா யோசிச்சுப் பாத்தேன்."

முதலில் சிரித்தது சென்செய்தான். பிறகு தெருவே சிரித்தது. உதவி இயக்குநர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏன் ஒருத்தரும் படம் பிடிக்கல?" என்று கத்தினார். பிடித்திருந்தார்கள். முன்னால் கதாநாயகன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஒளிப்பதிவாளர் கேமராவை ஓடவிட்டிருந்தார். படத்தில் கதாநாயகன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் மங்கலாக ஒரு பெண் ஒருவருக்கு மடிப்பைச் சரிசெய்வது வருகிறதே, அது அதுதான்.

கடைசி அத்தியாயம் வரைந்த அன்று சென்செய் பேனாவைத் துடைத்துக்கொண்டு மிசாவோவிடம் கேட்டார்.

"இந்த ஒருதடவை அந்த ரெண்டு பேரு முகத்தையும் நான் வரையட்டுமா? பெருசா, முன்னாடி வச்சு?"

கேட்டதே பெரிய மரியாதை. மிசாவோ மைப்புட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வேணாம் சென்செய். அவங்க பின்னாடியே இருக்கட்டும். அங்கதான் அவங்களுக்குச் சௌகரியம்."

வரைந்தாள். குளியல்கூடத்து வாசலில் நாயகனும் நாயகியும் ஒருவழியாகச் சொல்லவேண்டியதைச் சொல்கிறார்கள். தெருக்கோடியில், கட்டைவிரல் அளவில், மூட்டை ஒன்றை அந்தப் பெண் தூக்கிக்கொண்டு போகிறாள். ஒரு கை காலியாகிவிட்டதால் அவர் குடையை விரித்திருக்கிறார். மழை இல்லை. வாசகர்கள் அதற்கும் எழுதினார்கள். இந்தமுறை உறையில் ஊதுபத்தி வரவில்லை.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத தங்கையைப் பார்க்கத் தெய்ஜி ஓர் அரிசி மூட்டையோடு நேரில் வந்து இறங்கினான். கோபமாகத்தான் வந்தான். சலவைக்கடை வாசலில் நின்று, உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனிதரையும், முதுகுப்பக்கச் சுவரில் மாட்டியிருந்த குடையையும், அதன் பக்கத்தில் இன்னும் கறை போகாமல் தொங்கிய வெள்ளைச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"நீங்கதானே அந்தச் செத்துப்போனவரு?" என்றான்.

தோகிதா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டுக் குனிந்து வணங்கினார்.

"ஆமாங்க. இப்பப் பரவாயில்லை."

தெய்ஜி மூட்டையை இறக்கினான். "அப்ப அரிசியை எங்க வைக்கறது?" என்று கேட்டான்.